சம்மன், கெஜாரா புள்ளி, உரிமத் தடை: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலைகளில் பினாங்கின் பிறை ஊரில் எங்கள் கோயில் மண்டபத்து ஓரம் ஒரு மடக்கு மேசை கிடக்கும். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். இருபது ஆண்டுக்கு மேல் வாகனமோட்டக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அரசாங்கக் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்கிறேன். வழக்கறிஞன் அல்லன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை எழுதி வைத்தால் என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பதால் இந்தப் பக்கம்.

கெஜாரா என்று கடிதத்தில் போட்டிருக்கிறது. அது என்ன?

சாலைக் குற்றங்களுக்குப் புள்ளி போடும் முறை. மலாயில் 'கெசலாஹான் ஜாலான் ராயா' என்பதன் சுருக்கம். அபராதம் பணப்பையைப் பிடிக்கும். புள்ளி உரிமத்தைப் பிடிக்கும். நம்மவர்களுக்கு முன்னது மட்டும்தான் கண்ணில் படுகிறது. இப்போதைய வடிவம் 2017 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. சிவப்பு விளக்கையும் வேகத்தையும் படம் பிடிக்கும் கேமராக்களை அன்றுதான் 'அவாஸ்' என்ற பெயரில் இந்தப் புள்ளிக் கணக்கோடு இணைத்தார்கள்.

எந்தத் தவற்றுக்கு எத்தனை புள்ளி?

முழுப் பட்டியல் நீளமானது. மேசைக்கு அதிகம் வருபவை இரண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 4 புள்ளி. வேகம் என்றால், வரம்புக்கு மேல் 25 கிலோமீட்டர் வரை 2 புள்ளி, 26 முதல் 40 வரை 3, நாற்பதுக்கு மேல் போனால் 4.

பினாங்குப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13.5 கிலோமீட்டர் நீளம், வரம்பு மணிக்கு 80. விடியற்காலை ஐந்தரைக்குப் பாலம் காலியாக இருக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆறு மணி ஷிப்ட் காத்திருக்கும், கால் தானாக அழுத்தும். 120-இல் போனால் 3 புள்ளி, 121 என்றால் 4. பாலம் முழுவதும் 120-இல் ஓட்டினாலும் 80-இல் போவதைவிட மூன்றரை நிமிடம்கூட முழுசாக மிச்சமாகாது. மிச்சம் பிடித்த அந்த நேரத்தில் பஞ்ச் கார்டு இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பீர்கள்.

எத்தனை புள்ளி சேர்ந்தால் உரிமம் போகும்?

20 புள்ளியில் முதல் எச்சரிக்கைக் கடிதம், 40-இல் இரண்டாவது. 60 தொட்டால் ஆறு மாதம் வரை உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். அதற்குப் பிறகும் புள்ளி சேர்ந்தால் அடுத்தடுத்த நிறுத்தம் நீண்டுகொண்டே போகும். ஐந்து ஆண்டுக்குள் மூன்றாவது முறை அந்த நிலைக்கு வந்தால் உரிமம் ரத்து.

"அறுபதா! அது எங்கே சேரப் போகிறது?" என்று சிரிப்பார்கள். பதினைந்து சிவப்பு விளக்குகள். லாரி ஓட்டுபவருக்கு அது மூன்று நான்கு ஆண்டு அவசரம், அவ்வளவுதான்.

எச்சரிக்கைக் கடிதமே எனக்கு வரவில்லை. அப்படியானால் செல்லாதுதானே?

கடிதம் வந்திருக்கும், உங்களிடம் வந்திருக்காது. போன ஆண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தொழிற்சாலைப் பஸ் ஓட்டுபவர். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். பத்து காவான் பக்கம் ஒரு தோட்டத்து முகவரி, வரிசை வீட்டு எண்ணோடு. அந்த வரிசையை இடித்து எத்தனையோ ஆண்டாயிற்று. இப்போது அங்கே தொழிற்பேட்டை. அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் லாரிகள் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்றன, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் கடிதங்கள் மட்டும் அந்த வீட்டைத் தேடிக்கொண்டிருக்கின்றன. "அப்பா இருந்த இடம், மாற்ற மனம் வரவில்லை" என்றார். எனக்கும் ஒரு கணம் பேச வரவில்லை.

ஆனாலும் மாற்றத்தான் வேண்டும். அடையாள அட்டையிலும் ஜே.பி.ஜே. பதிவிலும் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். கைப்பேசியில் மைஜே.பி.ஜே. செயலியை இறக்கி, உரிமத்தின் நிலையை மாதம் ஒருமுறை பாருங்கள்.

அபராதம் கட்டினால்தான் புள்ளி ஏறுமாம். அப்படியானால் கட்டாமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார். தகவலின் முதல் பாதி உண்மை. சம்மன் என்பது குற்றச்சாட்டு மட்டுமே. நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளும் சமரச அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிறது. கட்டாவிட்டால் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று நடந்த பிறகே புள்ளி பதிவாகும் என்பதுதான் கெஜாரா நடந்து வந்த வழி.

இதில் ஒரு கோணல் இருப்பதை நானும் மறைக்கவில்லை. நேர்மையாகக் கட்டியவர் தலையில் புள்ளி ஏறுகிறது. சம்மனைச் சேர்த்து வைத்தவர் சுத்தமான உரிமத்தோடு சாலையில் திரிகிறார். 2025 ஜூன் 9 அதிகாலை கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்த ஓட்டுநர் பெயரில் 18 சம்மன்கள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை வேகத்துக்கானவை என்ற செய்தி அடுத்த நாளே வெளிவந்தது. பதினெட்டு சம்மன் வாங்கியவர் எப்படி இன்னும் ஸ்டியரிங் பிடித்தார் என்று நாடே கேட்டது. கெஜாராவைச் சீர்செய்யப் போவதாகப் போக்குவரத்து அமைச்சும் சொன்னது. எனவே இந்தச் சந்து திறந்தே இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சந்து திறந்திருந்தாலும் அதன் மறுமுனையில் கறுப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் ஏறினால் சாலை வரியும் புதுப்பிக்க முடியாது, உரிமமும் புதுப்பிக்க முடியாது. சாலை வரி இல்லாமல் பிடிபட்டால் அதற்கு இன்னொரு சம்மன். நீதிமன்ற அழைப்புக்குப் போகாவிட்டால் பிடியாணை. சபா சரவாக்குக்கு விமானம் ஏறப் போகிற அன்று பிடியாணையைப் பற்றித் தெரிந்துகொள்வது இனிய அனுபவமாக இருக்காது.

தள்ளுபடி வரும், அதுவரை காத்திருக்கலாம் என்கிறார்களே?

அது பழைய பழக்கம். ஆண்டு இறுதியிலோ பெருநாள் சமயத்திலோ ஐம்பது விழுக்காடு, எண்பது விழுக்காடு என்று அறிவிப்பார்கள். பினாங்கு மக்கள் முழுப்பேரும் முகப்பில் வரிசை கட்டுவார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் வரிசை தோற்றுப்போகும். 2026 ஜனவரி 1 முதல் போலீஸ், ஜே.பி.ஜே. இரண்டுக்கும் ஒரே கணக்கு. 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, 16 முதல் 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதன்பின் முழுத்தொகை, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களுக்கு இந்தத் தள்ளுபடி எதுவும் கிடையாது.

ஒரு ஐயா பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்தால் அடுக்கடுக்காகச் சம்மன் தாள்கள். அடியில் கிடந்தவற்றில் எழுத்தே போய்விட்டது. வெளுத்த தாளில் விரல் ரேகைதான் மிச்சம். "அழிந்துவிட்டது, இனி கட்ட வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். கணினியில் அழியவில்லை. போலீஸ் சம்மன்களைப் பார்த்துக் கட்டும் மைபாயார் செயலியில் அவருடைய அடையாள அட்டை எண்ணைப் போட்டதும் வரிசையாக வந்தன, தேதி நேரத்தோடு.

கார் என் பெயரில். ஓட்டியது மகன். சம்மன் எனக்கு வந்திருக்கிறது. நானே கட்டிவிடவா?

மேசைக்கு வரும் அப்பாக்களில் பாதிப்பேர் இதே பதிலைத் தயாராகக் கொண்டுவருகிறார்கள். "பையன் படிக்கிற பிள்ளை, என் பெயரில் போகட்டும்." அன்பு புரிகிறது. ஆனால் கேமராவுக்குத் தெரிந்தது காரின் எண் மட்டும்தான். அதனால்தான் அறிவிப்பு உரிமையாளருக்கு வருகிறது. அன்று ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய கடமையை 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு உரிமையாளர் மேல் வைக்கிறது. அறிவிப்போடு ஓட்டுநர் விவரம் தரும் வழியும் இருக்கும். உண்மையை எழுதி, குறித்த நாளுக்குள் அனுப்புங்கள்.

மகனுக்காக நீங்கள் கட்டினால் புள்ளி உங்கள் உரிமத்தில் ஏறுகிறது. நீங்கள் பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவராக இருந்தால், பையன் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு வீட்டு அரிசி போகலாம். பையனோ எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டான். ஓட்டாத ஒருவர் பெயரைத் தெரிந்தே எழுதிக் கொடுப்பது பொய்த் தகவல்; அது சம்மனைவிடப் பெரிய வம்பு. காசு வாங்கிக்கொண்டு புள்ளியை ஏற்றுக்கொள்ள ஆள் பிடித்துத் தருவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

காரை விற்றுவிட்டு உரிமை மாற்றாமல் விட்டவர்களுக்கும் இதே கதைதான். விற்ற கார் ஈப்போவில் பறக்கும், சம்மன் பட்டர்வொர்த் வீட்டுக்கு வரும்.

மகளுக்குப் புதிதாக 'பி' (P) உரிமம். அவளுக்கும் இதே 60 புள்ளியா?

இல்லை. இரண்டு ஆண்டுத் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு 20 புள்ளியே எல்லை. எட்டினால் நிறுத்தி வைப்பதெல்லாம் இல்லை, நேராக ரத்து. ஓராண்டு காத்திருந்து, சட்ட வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும், முழுக் கட்டணத்தோடு. ஐந்து சிவப்பு விளக்குகள் போதும்.

பழைய பயிற்றுநன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். தேர்வுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம், மஞ்சள் விளக்குக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. மஞ்சள் விழுந்ததும் வேகத்தைக் கூட்டும் பழக்கத்தைப் பிள்ளைகள் பின்னிருக்கையில் உட்கார்ந்து நம்மிடமிருந்துதான் படிக்கிறார்கள்.

பதினைந்து வயதுப் பையன் பக்கத்துக் கடைவரை மோட்டார் சைக்கிள் எடுத்தால்?

மோட்டார் சைக்கிள் உரிமத்துக்குக் குறைந்தது 16 வயது, காருக்கு 17. உரிமம் இல்லாதவரிடம் வாகனத்தைக் கொடுத்தவரும் அதே சட்டத்தில் குற்றவாளி. சாவி யார் கையிலிருந்து போனது என்று கேட்பார்கள்.

நிறுத்தம், ரத்து, தகுதியிழப்பு: மூன்றும் ஒன்றுதானே?

வீட்டில் அடுப்பு எரியாது என்ற அளவில் ஒன்றுதான், மற்றபடி இல்லை. நிறுத்தம் என்பது உரிமத்தைக் கொஞ்ச காலம் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, காலம் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். ரத்து என்றால் அந்த உரிமமே இல்லை. மீண்டும் தேர்வெழுதிப் புதிதாக வாங்க வேண்டும். இவ்விரண்டும் புள்ளிக் கணக்கின்படி ஜே.பி.ஜே. செய்வது. தகுதியிழப்பு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை. 'இத்தனை ஆண்டு நீ உரிமம் வைத்திருக்கவோ வாங்கவோ தகுதியற்றவன்' என்பது அதன் பொருள். புள்ளி ஒன்றுகூட இல்லாதவருக்கும், ஒரே இரவில் அது வரலாம்.

எதற்கெல்லாம் நீதிமன்றம் அப்படித் தடை போடும்?

அதே 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2020 அக்டோபர் 23-இல் நடப்புக்கு வந்த திருத்தம் தண்டனை எண்களை மிகவும் உயர்த்திவிட்டது. அபாயகரமாக ஓட்டினால், 42-ஆவது பிரிவில், 5,000 முதல் 15,000 ரிங்கிட் அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஓட்டத் தடையும் உண்டு. அப்படி ஓட்டி ஓர் உயிர் போனால் 41-ஆவது பிரிவு: ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட், குறைந்தது ஐந்து ஆண்டுத் தடை. குடித்துவிட்டு ஓட்டி உயிர் போனால் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை, 50,000 முதல் 1,00,000 ரிங்கிட், குறைந்தது பத்து ஆண்டுத் தடை. நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் படுத்துக்கொண்டு பறக்கும் பையன்களின் தாய்மார்கள் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டலாம்.

கல்யாண விருந்தில் இரண்டு கிளாஸ்தான். அதற்கும் பிடிப்பார்களா?

அதே திருத்தம் மதுவின் வரம்பையும் இறக்கியது. 100 மில்லிலிட்டர் மூச்சில் முன்பு 35 மைக்ரோகிராம், இப்போது 22. இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆயிற்று. இதைக் கிளாஸ் கணக்கில் கேட்காதீர்கள்; ஆளின் எடை, சாப்பாடு, ஊற்றியவரின் தாராளம் எல்லாவற்றையும் பொறுத்தது. யார் மேலும் மோதாமல், கோணாமல் ஓட்டி வந்திருந்தாலும், கருவியில் வரம்பு தாண்டியிருந்தாலே 45ஏ பிரிவு பொருந்தும். முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், கூடவே இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கப்படலாம், குறைந்தது இரண்டு ஆண்டுத் தடை. மறுமுறை என்றால் தடை ஐந்து ஆண்டு. ஊத மாட்டேன் என்று மறுப்பதும் தனிக் குற்றம்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விருந்து முடிந்து, விடியற்காலை மூன்று மணிவரை காரிலேயே தூங்கிவிட்டுக் கிளம்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தூக்கம் தெளிந்தது, இரத்தம் தெளியவில்லை. காப்பியும் குளியலும் உடலின் கணக்கை வேகப்படுத்தாது. வாடகைக் கார் இருபது ரிங்கிட்டோ முப்பதோ ஆகும். அவருக்கு ஆன செலவைக் கேட்டபோது அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

நான் லாரி ஓட்டுகிறேன். தம்பி இ-ஹெய்லிங், அதாவது செயலிவழி வாடகைக் கார். எங்களுக்கு வேறு கணக்கா?

புள்ளி அதே புள்ளிதான், விழும் அடிதான் வேறு. லாரிக்கான ஜி.டி.எல்., பயணிகளை ஏற்றுவதற்கான பி.எஸ்.வி. இரண்டும் உங்கள் அடிப்படை உரிமத்தின் மேல் நிற்பவை. அடித்தளம் நின்றுபோனால் மாடி நிற்காது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு ஆறு மாத நிறுத்தம் பெரிய தொல்லை. பஸ்ஸில் போய்ச் சமாளிப்பார். உங்களுக்கு அது ஆறு மாதச் சம்பளம், லாரித் தவணை, பிள்ளையின் கட்டணம். கார்ப்பெண்டர் தன் உளியைத் தினமும் துடைத்து வைப்பதுபோல உரிமத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முதலாளி "சீக்கிரம், சீக்கிரம்" என்று தொலைபேசியில் விரட்டுகிறார் என்பார்கள். வேகத்துக்கான புள்ளி ஓட்டியவருக்கே, விரட்டியவருக்கு இல்லை. அவர் விரட்டும் குரல் பதிவை, நேரத்தை, பயணப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்திருங்கள். விபத்து என்று வந்தால் யார் அழுத்தம் கொடுத்தார் என்ற கேள்வி எழும்.

கார் ஓட்டத் தடை. மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா? மின் ஸ்கூட்டர்?

இரண்டும் முடியாது. உரிமம் ஆளுக்குரியது, அதில்தான் கார் வகுப்பும் மோட்டார் சைக்கிள் வகுப்பும் இருக்கின்றன. நின்று ஓட்டும் சிறு மின் ஸ்கூட்டர்களைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு 2021 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. தடைக்காலத்தில் ஓட்டி மாட்டினால் அது தனிக் குற்றம். மோதிவிட்டால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கும். ரேபிட் பினாங்கு பஸ்ஸும் பட்டர்வொர்த் படகும் இருக்கின்றன. காலை நெரிசலில் பாலத்தைவிடப் படகு நிம்மதி, காற்றும் வரும்.

நகராண்மையின் வாகன நிறுத்தச் சம்மனுக்கும் புள்ளி உண்டா?

இல்லை. தீவில் எம்.பி.பி.பி., பெருநிலத்தில் எம்.பி.எஸ்.பி. என்ற மாநகர் மன்றங்கள் போடும் நிறுத்தக் கட்டணச் சம்மன் கெஜாராவில் சேராது. ஆனாலும் கட்டுங்கள்.

உரிமம் காலாவதியாகி நாளாயிற்று. மறுபடி தேர்வா?

மூன்று ஆண்டுக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம். தாண்டினால் முதலிலிருந்து. காலாவதியான உரிமத்தோடு ஓட்டுவது எந்த நாளிலும் குற்றமே.

வாட்ஸ்அப்பில் சம்மன் வந்திருக்கிறது, கோப்பைத் திறக்கச் சொல்கிறது.

திறக்காதீர்கள். ஏ.பி.கே. என்பது கைப்பேசியில் செயலியை ஏற்றும் கோப்பு; அப்படி எந்த இலாகாவும் சம்மன் அனுப்பாது. திறந்தால் போவது புள்ளியல்ல, வங்கிக் கணக்கு.

சம்மன் தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். நீதிமன்றம் போனால் என்ன நடக்கும்?

போகலாம், அது உங்கள் உரிமை. ஆனால் கோபத்தோடு போகாதீர்கள், தாளோடு போங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டால் வழக்காடும் வழி முடிந்துவிடும், எனவே முதலில் படத்தைக் கேட்டுப் பாருங்கள். எண் பலகை உங்களுடையதா, ஓரெழுத்து மாறியிருக்கிறதா, அந்த நேரத்தில் கார் எங்கே இருந்தது? பட்டறையில் கிடந்தது என்றால் பட்டறை ரசீது, ஷிப்டில் இருந்தீர்கள் என்றால் வருகைப் பதிவு. சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கும் வேகத்துக்கும் நீதிமன்றத்தில் அபராதம் 300-இலிருந்து 2,000 ரிங்கிட் வரை போகலாம் என்பதையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பில் எழுதிய நேரத்துக்கு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். மலாய் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியாமலே வெளியே வந்தவர்கள் உண்டு. உயிர்ச்சேதம், குடி, அபாயகரமாக ஓட்டியது என்றால் வழக்கறிஞர் இல்லாமல் போகவே வேண்டாம். வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தில் விசாரிக்கலாம்.

ஒருவர் 800 ரிங்கிட் கொடுத்தால் கணினியில் புள்ளியை அழித்துத் தருகிறேன் என்கிறார்.

லஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் குற்றவாளி. அவர் உண்மையில் ஏமாற்றுக்காரராக இருந்தால் 800 ரிங்கிட் போகும். உண்மையிலேயே உள்ளே ஆள் வைத்திருப்பவராக இருந்தால், அவரைப் பிடிக்கும் நாளில் அவருடைய கைப்பேசியில் உங்கள் பெயரும் இருக்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்லாமல், வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டேன்.